அடுக்குச் சேமிப்பில் சிதைந்த கோப்பு முறைமையை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை துறைமுகத்தையும் சரக்குப் பெட்டக முனையங்களையும் மணலி ஆலைகளையும் சார்ந்து இயங்கும் அலுவலகங்கள் பலவற்றில், பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த சரக்குப் பட்டியல்களும் பொறியியல் வரைபடங்களும் ஸ்கேன் செய்த ஆவணங்களும் கணினியில் இருக்கின்றன. அவற்றுள் சில இடங்களில், எல்லாவற்றையும் வட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாததால், வட்டும் டேப்பும் இணைந்து இயங்கும் அடுக்குச் சேமிப்பு மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர், ஒரு நாள் காலையில் கோப்பு முறைமை மவுண்ட் ஆகவில்லை, அதாவது கணினியோடு இணைந்து திறக்கவில்லை என்று தெரிந்ததும் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

எடுத்துக்காட்டுக்கு ஆரக்கிள் எச்எஸ்எம் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். சாம்-கியூஎஃப்எஸ் என்ற பழைய பெயரில்தான் பலருக்கும் இதைத் தெரியும். எல்எஸ்சி என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய இந்த மென்பொருள் 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வசமும், 2010இல் சன் நிறுவனத்தோடு சேர்ந்து ஆரக்கிள் வசமும் வந்தது. சொலாரிஸ் இயங்குதளத்தில் இயங்குவது. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் கட்டளைகள் மாறும். எடுத்துக்காட்டாக, எச்பிஎஸ்எஸ் என்ற இன்னோர் அடுக்குச் சேமிப்பு மென்பொருள் தன் விவரங்கள் அனைத்தையும் டிபி2 தரவுத்தளத்தில் வைத்திருப்பதால் அங்கே தரவுத்தளத்தை மீட்பதுதான் முதல் வேலை. ஆயினும் கீழே சொல்லும் வரிசை பெரும்பாலும் பொருந்தும்.

எது தொலைந்தது, எது தொலையவில்லை

இந்த மென்பொருளுக்குள் நான்கு வேலைகள் இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கின்றன. புதிதாக எழுதப்பட்ட கோப்பை ஆர்க்கைவர் டேப்பில் படியெடுக்கிறது. ஒரு கோப்புக்கு நான்கு படிகள் வரை எடுக்கலாம். வட்டு நிரம்பி மேல் வரம்பைத் தாண்டியதும், படியெடுத்து முடிந்த கோப்புகளின் உள்ளடக்கத்தை ரிலீசர் வட்டிலிருந்து நீக்கி இடத்தை விடுவிக்கிறது; மாற்றாமல் விட்டால் அந்த மேல் வரம்பு 80 விழுக்காடு, கீழ் வரம்பு 70 விழுக்காடு. விடுவிக்கப்பட்ட கோப்பை யாரேனும் திறந்தால் ஸ்டேஜர் அதை டேப்பிலிருந்து திரும்பக் கொண்டுவருகிறது. காலாவதியான படிகள் மிகுந்துவிட்ட டேப்பை ரீசைக்கிளர் காலி செய்து மறுபயன்பாட்டுக்குத் தயாராக்குகிறது.

ஆகவே, வட்டில் உள்ள கோப்பு முறைமை அழிந்துவிட்டது என்றால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருள் அல்ல. எந்தக் கோப்பு, எந்த டேப்பில், எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்லும் ஐநோடு விவரங்கள்தான் முதன்மையாகத் தொலைந்திருக்கின்றன. அந்த ஐநோடு விவரங்களைப் பட்டா என்று வைத்துக்கொண்டால், நிலம் டேப்பில் அப்படியே கிடக்கிறது. பட்டா மட்டும் போய்விட்டது. பட்டா இல்லாத நிலத்தைப் புறம்போக்கு என்று எண்ணி வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கக்கூடிய அதிகாரி ஒருவர் அதே அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் ரீசைக்கிளர்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வட்டு பழுதானதால் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் மீட்கக்கூடியது. அதன் பிறகு, வெறுமையான அல்லது பாதி மீட்ட கோப்பு முறைமையைப் பார்த்து மென்பொருள் தன் வழக்கமான வேலையைச் செய்வதால் ஏற்படும் இழப்பை மீட்க வழியில்லை. எனவே மீட்கத் தொடங்கும் முன் நிறுத்த வேண்டும்.

முதல் அரை மணி நேரம்

பயனர்களை முதலில் வெளியேற்றுங்கள். சாம்பா, என்எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்திருந்தால் பகிர்வை நிறுத்துங்கள். பல சர்வர்கள் ஒரே கோப்பு முறைமையைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பாக இருந்தால் கிளையண்ட் கணினிகளில் அன்மவுண்ட் செய்த பிறகே கோப்பு விவரங்களை நிர்வகிக்கும் மெட்டாடேட்டா சர்வரைத் தொட வேண்டும். மேலிடத்திலிருந்து தொலைபேசி அழைப்புகள் இந்த நேரத்தில்தான் வரத் தொடங்கும். அவற்றை ஏற்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்து ரீசைக்கிளர். இது பொதுவாக ரூட் பயனரின் கிரான் அட்டவணையில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியல்) ஓர் உள்ளீடாக இருக்கும். அந்த வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறியிட்டு முடக்குங்கள். அது போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு டேப் காலியாகிவிட்டது என்று ரீசைக்கிளர் முடிவு செய்ததும், அந்த டேப்புக்குப் புதிய லேபிள் எழுதுவதா, நூலகத்திலிருந்து (டேப்புகளை அடுக்கி வைத்து டிரைவில் ஏற்றும் இயந்திரம்) வெளியே எடுப்பதா என்பதை நிறைவேற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று மென்பொருளின் அமைப்புக் கோப்பகத்திலுள்ள ஸ்கிரிப்ட்கள் பகுதியில், ரீசைக்கிளர் என்ற பெயரிலேயே இருக்கும். அதன் முதல் வேலை வரியாக, எதையும் செய்யாமல் வெளியேறும் கட்டளையை எழுதி வையுங்கள். கிரான் வரியை முடக்கியது தெரியாமல் இரவுப் பணியில் இருப்பவர் ரீசைக்கிளரைக் கையால் ஓட்டினாலும், இந்த இரண்டாம் பூட்டு டேப்பைக் காப்பாற்றும்.

மூன்றாவது ஆர்க்கைவரும் ஸ்டேஜரும். சாம்கமாண்ட் என்ற நிர்வாகக் கட்டளையுடன் ஏஆர்ஐடில், எஸ்டிஐடில் ஆகிய சொற்களைக் கொடுத்தால் இரண்டும் கையிலுள்ள வேலையை முறையான இடத்தில் முடித்துவிட்டு ஓய்வு நிலைக்குப் போகும். உடனே நிறுத்தும் கட்டளைகளும் உண்டு. ஆனால் டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் அறுப்பதை விட, சில நிமிடம் காத்திருப்பதே மேல். இந்த ஓய்வு நிலை சர்வர் மறுதொடக்கம் ஆனால் கலைந்துவிடும். மீட்பு வேலையின் நடுவே மறுதொடக்கம் கட்டாயம் நேரும் என்றே எண்ணிக்கொண்டு, ஆர்க்கைவர் அமைப்புக் கோப்பின் மேற்பகுதியில் வெயிட் என்ற ஒற்றைச் சொல்லைத் தனி வரியாகச் சேர்த்து விடுங்கள். அந்த வரி இருக்கும் வரை, நீங்கள் கையால் ஆணையிட்டாலன்றி ஆர்க்கைவர் எழுந்து எழுதாது.

கடைசியாக டேப்புகள். நூலகத்தின் கேட்டலாக்கில், அதாவது டேப் பட்டியலில், ஒவ்வொரு டேப்புக்கும் படிக்க மட்டும் என்ற குறியைச் சிஎச்மெட் கட்டளையால் இடலாம். ஈடு செய்யவே முடியாத டேப்புகளுக்கு இதோடு கேட்ரிட்ஜின் விளிம்பிலுள்ள சிறு தாழ்ப்பாளையும் நகத்தால் நகர்த்திப் பூட்டுப் படம் தெரியுமாறு வைத்துவிடுங்கள். மென்பொருள் என்ன ஆணையிட்டாலும் டிரைவ் எழுத மறுத்துவிடும். நூற்றுக்கணக்கான டேப்புகள் உள்ள இடத்தில் எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது. இரண்டாம் படி இல்லாத டேப்புகளுக்காவது செய்யுங்கள்.

இருப்பதைப் படியெடுத்து வைத்தல்

எதையும் மாற்றுவதற்கு முன், இப்போதுள்ள நிலையை அப்படியே வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். எம்சிஎஃப் என்ற சாதன அமைப்புக் கோப்பு, ஆர்க்கைவர், ஸ்டேஜர், ரிலீசர், ரீசைக்கிளர் ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகள், நூலகத்தின் கேட்டலாக்குகள், ஆர்க்கைவர் தான் செய்தவற்றைப் பதிந்து வைக்கும் லாக் கோப்புகள், இயங்குதளத்தின் செய்தி லாக் ஆகியவை கட்டாயம். சாம்எக்ஸ்ப்ளோரர் என்ற கட்டளை இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே அறிக்கையாகத் திரட்டித் தரும். நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்தால் அவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். பழுதான கோப்பு முறைமையின் உள்ளேயே இந்த நகலை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் டம்ப் கோப்புகளையும் (கோப்பு விவரங்களை அவ்வப்போது எடுத்து வைக்கும் நகல்) ஆர்க்கைவர் லாக்கையும் அதே கோப்பு முறைமைக்குள் சேமித்து வைத்திருக்கும் தளங்கள் உண்டு என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழுது எந்த வகை

பயனர் ஒருவர் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்துவிட்டார் என்றால் முழு மீட்பு தேவையில்லை. டம்ப் கோப்பிலிருந்து அந்தப் பாதையை மட்டும் பெயர் சொல்லி மீட்கலாம். தற்காலிகக் கோப்புறை ஒன்றில் மீட்டு, சரிபார்த்து, பிறகு உரிய இடத்துக்கு நகர்த்துங்கள். ரீசைக்கிளரை நிறுத்துவது இதற்கும் பொருந்தும்.

வட்டுகள் நலமாக இருந்து, மின்தடையாலோ கட்டுப்படுத்தியின் கோளாறாலோ கோப்பு முறைமை மட்டும் குழம்பியிருந்தால், சாம்எஃப்எஸ்சிகே கட்டளையால் சோதியுங்கள். அன்மவுண்ட் செய்த பிறகே இதை ஓட்ட வேண்டும். மவுண்ட் ஆகியிருக்கும்போது ஓட்டினால் இல்லாத பிழைகளையெல்லாம் காட்டும். முதல் முறை திருத்தும் விருப்பத்தை (ஆப்ஷன்) கொடுக்காமல் ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துப் படியுங்கள். சில பத்துப் பிழைகள் என்றால் திருத்தும் விருப்பத்துடன் மீண்டும் ஓட்டலாம். பெற்றோர் கோப்புறை தெரியாத கோப்புகள் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற கோப்புறைக்குள் வந்து சேரும். ஐநோடு கோப்பே சிதைந்து பிழைகள் ஆயிரக்கணக்கில் வந்தால் திருத்த முயல வேண்டாம் என்பது என் கருத்து. அப்படித் திருத்தி எழுந்த கோப்பு முறைமையில் எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்று பிரித்தறிய ஆகும் காலத்தைவிட, புதிதாக அமைத்து டம்ப்பிலிருந்து மீட்க ஆகும் காலம் குறைவு.

அடித்தளம்

பழுதான வட்டுகளை மாற்றிய பின், புதிய வட்டுகளின் சாதனப் பாதைகள் எம்சிஎஃப் கோப்பில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பாதை மாறலாம், ஆனால் கோப்பு முறைமையின் பெயரையும் சாதன வரிசை எண்களையும் பழையபடியே வைத்திருங்கள். ஆர்க்கைவர் அமைப்புகள் பெயரைச் சார்ந்தவை என்பதால், இங்கே புதுமை செய்ய ஆசைப்படுவது பின்னால் வேலையைக் கூட்டும். மாற்றிய பிறகு சாம்-எஃப்எஸ்டி கட்டளையை ஓட்டினால் அமைப்புக் கோப்புகளின் எழுத்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டும். அதன் பிறகு சாம்எம்கேஎஃப்எஸ் கொண்டு கோப்பு முறைமையைப் புதிதாக உருவாக்குங்கள். இந்தக் கட்டளை பழைய வட்டுகளில் மிச்சமிருப்பதை அழித்துவிடும். ஆகவே வட்டில் மட்டும் இருந்து டேப்புக்குப் போகாத கோப்புகளை எடுக்க வேறு முயற்சி ஏதேனும் செய்ய எண்ணினால், அதைச் செய்து முடித்துவிட்டே இங்கு வாருங்கள்.

சர்வரும் சேர்ந்து போயிருந்தால் நூலகத்தின் கேட்டலாக்கையும் மீட்க வேண்டும். நகல் இருந்தால் எளிது. இல்லாவிட்டால் நூலகம் பார்கோடுகளைப் படித்துப் பட்டியலிட்ட பிறகு ஒவ்வொரு இடத்திலும் உள்ள டேப்பை ஏற்றி லேபிளைத் தணிக்கை செய்யும் நீண்ட வேலை காத்திருக்கிறது. புதிய டிரைவ் வாங்குவதாக இருந்தால், அது பழைய டேப்புகளைப் படிக்குமா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். எல்டிஓ என்ற டேப் வகையில், எல்டிஓ-7 வரையிலான டிரைவ்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படிக்கும். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 வரை மட்டுமே படிக்கும், எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது. ரிச்சி தெருவிலோ இணையத்திலோ அவசரத்தில் கிடைத்ததை வாங்கி வந்துவிட்டு, அலமாரி நிறைய எல்டிஓ-6 டேப்புகளோடு நிற்கும் நிலை வரக் கூடாது.

டம்ப்பிலிருந்து மீட்டல்

சாம்எஃப்எஸ்டம்ப் என்ற கட்டளை எடுக்கும் கோப்பில் பாதைகளும், உரிமைகளும், ஒவ்வொரு கோப்பின் டேப் படிகள் இருக்கும் இடங்களும் இருக்கும். கோப்புகளின் உள்ளடக்கம் இருக்காது. அதனால்தான் பல டெராபைட் கொண்ட கோப்பு முறைமையின் டம்ப் ஒப்பிடுகையில் மிகச் சிறியதாக இருக்கிறது. டேப்புக்கு இன்னும் போகாத கோப்புகளின் உள்ளடக்கத்தையும் சேர்த்து எடுக்க ஆங்கிலச் சிறிய யு எழுத்தை விருப்பமாகக் கொடுக்க வேண்டும். அன்றாட டம்ப் கட்டளையில் இந்த எழுத்து இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். இல்லையென்றால், டம்ப் எடுத்த நொடியில் படியெடுக்கப்படாமல் இருந்த கோப்புகள் மீட்பின்போது பெயர் மட்டும் உள்ள, சேதக் குறி இடப்பட்ட கோப்புகளாகவே திரும்பும்.

எந்த டம்ப்பைத் தேர்வு செய்வது? கடைசியாக எடுத்தது என்பது தானாக வரும் விடை. எப்போதும் சரியான விடை அல்ல. சிதைவு சில நாட்களாகவே மெல்லப் பரவியிருந்தால் கடைசி டம்ப்பிலும் அது இருக்கும். கடைசி சில டம்ப்களின் அளவுகளை ஒப்பிடுங்கள். வழக்கமாக நாள்தோறும் சிறிது வளரும் கோப்பு திடீரெனச் சுருங்கியிருந்தால் அதற்கு முந்தையதை எடுங்கள். உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டுப் பார்க்கும் வசதியும் உண்டு.

இனி மீட்புக் கட்டளை. புதிய கோப்பு முறைமையை மவுண்ட் செய்து, அதன் வேர்க் கோப்புறைக்குள் சென்று நில்லுங்கள். டம்ப்பில் உள்ள பாதைகள் பொதுவாக அந்த வேரிலிருந்து சார்புப் பாதைகளாகவே எழுதப்பட்டிருக்கும். நீங்கள் வேறொரு கோப்புறையில் நின்று கட்டளையை ஓட்டினால் முழு மரமும் அங்கே போய் முளைக்கும். டம்ப் சுருக்கப்பட்டிருந்தால் முதலில் விரியுங்கள். பிறகு சாம்எஃப்எஸ்ரெஸ்டோர் கட்டளைக்கு எஃப் விருப்பத்தில் டம்ப்பின் பாதையையும், ஜி விருப்பத்தில் ஒரு லாக் கோப்பின் பாதையையும் கொடுங்கள். பெரிய எழுத்து டி விருப்பத்தைச் சேர்த்தால் முடிவில் எத்தனை கோப்புகள், எத்தனை கோப்புறைகள் மீண்டன என்ற புள்ளிவிவரம் வரும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் அறிக்கையில் கேட்பார்கள்.

அந்த ஜி விருப்பத்தை விட்டுவிடுபவர்கள் அதிகம். மீட்பு முடிந்ததும் எல்லாக் கோப்புகளும் பெயரும் விவரமுமாக மட்டுமே, உள்ளடக்கம் டேப்பில் இருக்கும் நிலையில் நிற்கும். விபத்துக்கு முன் எவை வட்டிலேயே இருந்தன, அதாவது அலுவலகம் அன்றாடம் பயன்படுத்திக்கொண்டிருந்தவை எவை என்ற பட்டியல் அந்த லாக்கில்தான் பதிவாகிறது. மென்பொருளோடு எடுத்துக்காட்டாக வரும் ரெஸ்டோர் ஸ்கிரிப்டுக்கு இந்த லாக்கைக் கொடுத்தால், அந்தக் கோப்புகளை மட்டும் டேப்பிலிருந்து வட்டுக்குக் கொண்டுவரும். லாக் இல்லாவிட்டால், திங்கட்கிழமை காலை எல்லோரும் தத்தம் கோப்புகளை ஒரே நேரத்தில் திறக்க, டேப் டிரைவ்கள் ஒவ்வொரு கோப்புக்கும் டேப்பை மாற்றி மாற்றித் திணறும்.

கோப்புகள் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடைகளைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். கோப்பு மரம் தெரியத் தொடங்குவது ஒரு நேரம். உள்ளடக்கம் முழுவதும் வட்டுக்குத் திரும்புவது வேறு நேரம். எல்டிஓ-7 டேப் ஒன்றில் சுருக்காமல் 6 டெராபைட் கொள்ளும். நொடிக்கு 300 மெகாபைட் என்ற உச்ச வேகத்தில் முழு டேப்பையும் படிக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். சிறு கோப்புகள் நிறைந்த டேப்பில் அந்த வேகம் கிடைக்காது. ஸ்டேஜர் தன் வரிசையில் உள்ள கோரிக்கைகளை டேப் வாரியாகவும் இட வாரியாகவும் அடுக்கிக்கொள்ளும் என்பதால், கோரிக்கைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்காமல் மொத்தமாகக் கொடுப்பது நல்லது.

டம்ப்புக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட நேரம்

டம்ப் நள்ளிரவில் எடுக்கப்பட்டது, வட்டு மறுநாள் மாலை நான்கு மணிக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஒரு வேலைநாள் முழுவதும் கோப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆர்க்கைவர் மாற்றாமல் விட்டால் கோப்பு எழுதி நான்கு நிமிடத்தில் முதல் படிக்குத் தகுதியாக்கிவிடும் என்பதால், அந்த நாளின் வேலையில் பெரும்பகுதி டேப்பில் இருக்கவே செய்யும். ஆனால் டம்ப்புக்கு அது தெரியாது. தெரிந்த ஒரே சாட்சி ஆர்க்கைவர் லாக்.

அந்த லாக்கின் வரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக அமைத்த வரி இது:

ஏ 2023/11/30 14:58:21 எல்ஐ ஆர்பிஎம்014 சரக்கு.1 78.71 காப்பகம்1 4119.1 23040 எஃப் பட்டியல்/2023/நவம்பர்/கப்பல்_0412 0 51

முதல் எழுத்து நடந்த செயல்: ஏ என்றால் படியெடுக்கப்பட்டது, ஆர் என்றால் வேறு டேப்புக்கு மறுபடி எடுக்கப்பட்டது, யு என்றால் படி நீக்கப்பட்டது. அடுத்து நாளும் நேரமும். எல்ஐ என்பது எல்டிஓ வகை ஊடகத்தைக் குறிக்கும். ஆர்பிஎம்014 என்பது டேப்பின் தொடர் எண். சரக்கு.1 என்பது காப்பகத் தொகுதியின் பெயரும், அது எத்தனையாவது படி என்பதும்.

அதற்கு அடுத்த 78.71தான் உயிர்நாடி. இரண்டும் பதினாறடிமான எண்கள். புள்ளிக்கு முன் இருப்பது, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய காப்பகக் கோப்பு அந்த டேப்பில் தொடங்கும் இடம். பதினாறடிமான 78 என்பது நம் கணக்கில் 120. புள்ளிக்குப் பின் இருப்பது, அந்தக் கட்டுக்குள் நம் கோப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை 512 பைட் அலகுகளில் சொல்கிறது. பதினாறடிமான 71 என்பது 113, ஆகவே 57,856 பைட்டுகள் தள்ளி. அதன் பின் கோப்பு முறைமையின் பெயர், ஐநோடு எண்ணும் தலைமுறை எண்ணும், கோப்பின் அளவு, வகை, பாதை ஆகியவை வருகின்றன. எஃப் என்பது சாதாரணக் கோப்பு.

செய்ய வேண்டியது இதுதான். டம்ப் தொடங்கிய நேரத்துக்குச் சற்று முன்னிருந்து விபத்து வரையிலான வரிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்தெடுங்கள். டம்ப் எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும் தளங்களில் முடிந்த நேரத்தை எல்லையாக வைத்தால் நடுவில் விழுந்த கோப்புகள் விடுபடும். அதனால்தான் தொடங்கிய நேரம் என்கிறேன். ஒரே பாதை பல முறை வந்தால் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டேப் எண், இடம் என்ற வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு காப்பகக் கோப்புக்கும் ரிக்வெஸ்ட் கட்டளைக்கு ஊடக வகை, டேப் எண், தொடங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால், டேப்பின் அந்தப் பகுதியைச் சுட்டும் ஒரு கோப்பு உருவாகும். அதை ஸ்டார் என்ற கட்டளையால் பிரித்து வேண்டிய பாதையை எடுக்கலாம். டேப்பில் உள்ள கட்டு டார் வடிவத்தோடு ஒத்துப்போவது என்பதால்தான் இது முடிகிறது. மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தப் போவதில்லை என்று முடிவெடுத்த தளங்களுக்கும் கடைசிப் புகலிடம் இதுவே.

இங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. பயனர் அந்த நாளில் அழித்த கோப்புகள் டம்ப்பில் இருந்தால் உயிர்பெற்று வரும். சரக்குப் பட்டியல் என்றால் தொல்லை சிறிது. பணியாளர் விவரமோ நோயாளி விவரமோ உரிய காரணத்துக்காக அழிக்கப்பட்டிருந்தால் அது திரும்பி வந்ததைத் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். இடையில் பெயர் மாற்றப்பட்ட கோப்புறைகளும் பழைய பெயரில் வரும். புதிய கோப்புகள் லாக்கில் புதிய பெயரில் இருப்பதால், ஒரே கோப்புறை இரண்டாகத் தெரியும். இதைத் தானாகச் சரிசெய்யும் கட்டளை இல்லை. அந்தப் பிரிவில் வேலை செய்பவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுச் சரிசெய்வதே குறுக்குவழி.

நான்கு நிமிட வயதை எட்டாமல், டம்ப்பிலும் விழாமல் போன கோப்புகள் உண்மையிலேயே போய்விட்டன. அவற்றை எழுதிய கணினிகளில் தற்காலிக நகல் இருக்கிறதா என்று தேடுவது தவிர வேறு வழி இல்லை.

சேதக் குறி கொண்ட கோப்புகள்

மீட்பு முடிந்ததும் எஸ்எல்எஸ் கட்டளையைப் பெரிய எழுத்து டி விருப்பத்துடன் சில கோப்புகளின் மேல் ஓட்டிப் பாருங்கள். ஆஃப்லைன், ஆர்ச்டன் என்று வந்தால் நலம்: உள்ளடக்கம் வட்டில் இல்லை, படியெடுப்பு முடிந்திருக்கிறது. டேமேஜ்டு என்று வந்தால் அந்தக் கோப்பைத் திறக்க இயலாது. எஸ்ஃபைண்ட் கட்டளையால் அப்படிப்பட்டவை அனைத்தையும் திரட்டுங்கள்.

காரணம் பல வகை. டம்ப் நேரத்தில் படி இல்லாதிருந்தது ஒன்று. அதை மேலே சொன்னபடி லாக்கிலிருந்து எடுக்கலாம். டேப் படிக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டாம் படி இருந்தால் மென்பொருளே அதற்குப் போகும். மூன்றாவதுதான் குழப்பமானது: டம்ப் எடுத்த பிறகு ரீசைக்கிளர் ஒரு டேப்பைக் காலி செய்து, நலமான படிகளை வேறு டேப்புக்கு நகர்த்தி, பழைய டேப்புக்குப் புதிய லேபிள் எழுதியிருக்கிறது. டம்ப் இன்னும் பழைய டேப்பைத்தான் சுட்டுகிறது. இப்படிப்பட்டவற்றுக்கு லாக்கில் ஆர் எழுத்தில் தொடங்கும் வரிகளைத் தேடிப் புதிய இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த நிலை வராமல் தடுக்க ஒரே விதி, எத்தனை நாள் பழைய டம்ப் வரை நம்பி வைத்திருக்கிறீர்களோ அத்தனை நாளுக்குக் குறையாமல், காலி செய்த டேப்பை மறுலேபிள் செய்யாமல் ஒதுக்கி வைப்பது. டேப் விலையைப் பார்த்து இதைச் சுருக்கும் நிர்வாகங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வெள்ளமும் உப்புக் காற்றும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் தாழ்வான பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். தரைத்தளத்தில் டேப் அலமாரி வைத்திருப்பவர்களுக்கு இது வட்டுப் பழுதை விடப் பெரிய ஆபத்து. நனைந்த டேப்பை எந்தக் காரணத்துக்காகவும் டிரைவில் ஏற்றாதீர்கள். டேப்பும் கெடும், டிரைவின் தலையும் கெடும், அதே டிரைவில் அடுத்து ஏறும் நல்ல டேப்பும் கெடலாம். வெயிலில் காய வைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் கூடாது. தரவு மீட்பு வல்லுநர்களிடம் கொடுக்கும் வரை தனியே எடுத்து, எண் எழுதி வைத்திருங்கள்.

நனையாத டேப்புகளுக்கும் ஒரு விதி உண்டு. நெடுங்காலம் வைத்திருக்கும் எல்டிஓ டேப்புகளுக்கு 16 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் பரிந்துரைக்கப்படுகின்றன. காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடலோரக் கட்டடத்தில் குளிர்சாதனம் நின்ற அறைக்குள் அந்த ஈரப்பதத்தை எதிர்பார்க்க முடியாது. வெளியூர் கிடங்கிலிருந்து இரண்டாம் படி டேப்புகளைக் கொண்டுவந்தால், இயந்திர அறையின் சூழலில் ஒரு நாள் முழுவதும் வைத்திருந்த பிறகே ஏற்றுங்கள். அவசரம் புரிகிறது; ஆனால் கடைசிப் படியாக இருக்கும் டேப்பில் ஈரம் படிந்த நிலையில் முதல் ஓட்டம் ஓடக் கூடாது.

மீண்டும் இயக்கும் வரிசை

முதலில் ஸ்டேஜரை மட்டும் ஓட விடுங்கள். ரெஸ்டோர் ஸ்கிரிப்ட் கோரிய கோப்புகள் வரட்டும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சில கோப்புகளைத் திறந்து, அந்தப் பிரிவினரே பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். அளவும் பெயரும் சரியாக இருப்பதால் உள்ளடக்கமும் சரி என்று எண்ண வேண்டாம்.

அடுத்து புதிய டம்ப் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள். ஆர்க்கைவர் எழுதத் தொடங்கும் முன் எடுக்க வேண்டும் என்பது முக்கியம். இதற்குப் பின் ஏதேனும் தவறினால் இந்தப் புள்ளிக்குத் திரும்பலாம். பழைய டேப்புகளின் எழுதும் தடையை அப்படியே விட்டுவிட்டு, புதிய டேப்புகளை லேபிள் செய்து சேர்த்து, வெயிட் வரியை நீக்கி ஆர்க்கைவரை இயக்குங்கள். லாக்கிலிருந்து மீட்ட கோப்புகளைப் புதிய கோப்புகள் என்றே அது கருதி மறுபடி படியெடுக்கும், அது நல்லதே. பகிர்வுகளைத் திறப்பது இதன் பிறகுதான்.

ரீசைக்கிளர் கடைசி. விடுபட்ட கோப்புகள் பற்றிய புகார்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். காலாண்டு முடிவில் மட்டும் திறக்கப்படும் கோப்புகள் அப்போதுதான் நினைவுக்கு வரும். ஆகவே குறைந்தது ஒரு காலாண்டுக் கணக்கு முடியும் வரை அதை நிறுத்தியே வைக்கச் சொல்வேன். மீண்டும் இயக்கும் நாளிலும் முதலில் எக்ஸ் விருப்பத்துடன் ஓட்டி, டேப்பின் லேபிள் தேதியை விடப் பழைய படிகளைச் சுட்டும் கோப்புகள் இருக்கின்றனவா என்று அறிக்கையைப் பாருங்கள். அந்த அறிக்கையில் ஒரு கோப்பாவது இருந்தால், அதன் பாதையை லாக்கில் தேடி முடிக்கும் வரை, ஸ்கிரிப்டின் தலையில் எழுதிய வெளியேறும் வரியை எடுக்காதீர்கள்.